ராக்கோழியின் இருபத்தொரு பகல்கள்

ஊரே போர்வையை இழுத்துப் போர்த்துகிற நேரத்தில் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு கிளம்புகிறவருக்கு டிப்போவில் ராக்கோழி என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

பத்தொன்பது வருடமாக அவருக்கு இரவுப் பேருந்துதான். கடைசி ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முடிந்தவர்கள், ஹோட்டலில் கடைசிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சும்மா ஏறி உட்காருகிறவர்கள் என்று எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு விடியும் வரை ஊரைச் சுற்றுவார். காலை ஆறரைக்கு வண்டியை டிப்போவில் விடுவார். எட்டு மணிக்கு வீட்டில் படுப்பார். பகல் இரண்டு மணிக்கு எழுந்திருப்பார்.

படுப்பது என்றால் எல்லாரும் படுக்கிற மாதிரி இல்லை. ஒரு நடை முடிந்து அடுத்த நடை கிளம்ப நாற்பது நிமிடம் இருக்கும். அந்த நாற்பது நிமிடமும் ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளையும் மடித்து வைத்து, நெற்றியைக் கையில் சாய்த்துத் தூங்கிப் பழகிவிட்டார். வீட்டுக் கட்டிலில் ஸ்டீயரிங் இல்லை, ஆனால் உடம்புக்கு அது தெரியாது. குப்புறக் கவிழ்ந்து, கையை மடித்து, அதன்மேல் நெற்றியை வைத்தால்தான் கண் சொருகும். கல்யாணத்துக்கு வாங்கிய தலையணை இன்னும் புதுசு.

முன்னறையில் மனைவிக்குத் தையல் மிஷின். பகல் முழுக்க அவள் பேன்ட் நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், பள்ளிச் சீருடை தைப்பாள். படுக்கையறைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் அவருடைய குறட்டை, மேட்டில் முதல் கியரில் ஏறுகிற வண்டி போல. அந்தப் பக்கம் தடதடவென்று பெடல். அவ்வப்போது சுவரில் கத்தரிக்கோலின் பிடியால் டக் டக் என்று தட்டுகிற சத்தம். அந்தத் தட்டலில்தான் அவருக்குத் தூக்கம் கலையும்.

"மனுஷன் தூங்குற நேரத்துல சுவத்துல என்ன வேலை உனக்கு?" என்று கட்டிலில் இருந்தே கத்துவார்.

"தையல் பிசுறு, தட்டிச் சமப்படுத்தறேன்" என்பாள் அவள்.

"அதுக்கு டேபிள் இல்லையா?"

அதற்குள் பெடல் மறுபடி ஓடும். இப்படியே பல வருடம் போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலையில், நாலு ரோடு சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக வண்டியை நிறுத்தினார். உள்ளே பதினான்கு பேர். பிரேக்கில் கால் இருந்தது. அடுத்து அவருக்குத் தெரிந்தது, தோளில் கண்டக்டரின் கை.

"அண்ணே, பச்சை வந்து போயிட்டு ரெண்டாந்தரமா வந்திருக்கு."

பதினொரு வருடமாக அதே வண்டியில் அவரோடு வருகிற கண்டக்டர். பயணிகளில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது, அவர்களும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரேக்கில் இருந்து கால் நழுவியிருந்தால் என்கிற இடத்தோடு ராக்கோழி யோசிப்பதை நிறுத்திக்கொள்வார். ஆனால் கண்டக்டர் நிறுத்திக்கொள்ளவில்லை. அன்று காலையே மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ராக்கோழி அவனோடு பேசுவதில்லை.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு நாள் தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதாம். மணிக்கு முப்பத்தெட்டு தடவை.

"மணிக்கு முப்பத்தெட்டுன்னா ஊருக்குள்ள ஓட்டுற வேகம்தானே" என்று சிரித்துப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

ஒரு பெட்டி கொடுத்தார்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதிலிருந்து நீளக் குழாய், குழாயின் முனையில் மூக்கில் மாட்டுகிற மாஸ்க், தலையைச் சுற்றிப் பட்டைகள். தூங்கும்போது அது காற்றை அழுத்தி அனுப்பும், தொண்டை அடைக்காது. மேனேஜர் கண்டிஷனைச் சுருக்கமாகச் சொன்னார்.

"முப்பது நாள் டைம். அதுல இருபத்தொரு நாளாவது நாலு மணி நேரம் குறையாம இதை மாட்டிக்கிட்டுத் தூங்கணும். பெட்டியே ஆஸ்பத்திரிக்குக் கணக்கு அனுப்பிடும். சரியா வந்தா உங்க வண்டி உங்களுக்கு. வரலேன்னா நிரந்தரமா வாஷிங் ஷெட்தான். அதுவரைக்கும் ராத்திரி ஷெட்ல இருங்க."

அன்று இரவிலிருந்து, மற்றவர்கள் ஓட்டிவிட்டு வந்த வண்டிகளை ராக்கோழி தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். ஓட்டுநர் சீட்டைத் துடைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாகப் போகும்.

வீட்டில் பெட்டிக்குக் காத்துப்பெட்டி என்று பெயர் விழுந்தது. வைத்தது மனைவியின் தம்பி. அவன் மோட்டார் பைக் மெக்கானிக், பட்டறையில் ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். அக்கா வீட்டுக்கு நினைத்த நேரத்தில் வருவான், இருப்பதைச் சாப்பிடுவான், யாரையாவது வம்புக்கு இழுத்துவிட்டுப் போவான். முதல் நாள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"மாமா, யானைக்குட்டி மாதிரியே இருக்கீங்க. குளிக்கிறதுக்கு அதுலயே தண்ணி இழுத்துக்கலாம்."

"போடா அந்தப் பக்கம்."

வாயைத் திறந்ததும் மூக்கு வழியாக வந்த காற்று வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே போனது. ஸ்பேனர் தரையில் உருண்டு சிரித்தான்.

முதல் எட்டு நாள் பெரிய ரகளை. குப்புறப் படுத்தால் மாஸ்க் கன்னத்துக்கு ஏறும், குழாய் மடங்கும், பெட்டி கீகீ என்று கத்தும். மல்லாந்து படுத்தால் மேலே ஒரு மாலையைப் போட்டால் போதும் என்பது போல இருந்தது. போதாக்குறைக்கு ஓட்டுநர் புத்தி வேறு. சீட் பெல்ட்டை இறுக்கினால்தானே பாதுகாப்பு? மாஸ்க் பட்டையையும் அப்படியே இறுக்கினார். காற்று கசிந்தது. இன்னும் இறுக்கினார். இன்னும் கசிந்து, நேராகக் கண்ணுக்குள் அடித்தது. மூக்குத் தண்டில் சிவப்பாய்ப் புண் வந்தது, கன்னத்தில் பட்டைத் தடம் விழுந்தது. சந்தையில் ஒரு அம்மா நிறுத்தி, வீட்டில் யார் அடிக்கிறார்கள் என்று பரிவோடு விசாரித்தாள்.

பாதித் தூக்கத்தில் கை தானாக மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிடும். எழுந்து பார்த்தால் அவர் குப்புறக் கிடப்பார், மாஸ்க் கட்டிலுக்கு அடியில் தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். எட்டு நாளில் நாலு மணி நேரம் தாண்டியது இரண்டே நாள். பெட்டியின் சின்னத் திரையில் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். பகலில் தூக்கம் இல்லை, ராத்திரி ஷெட்டில் ஈரத்தரையில் நின்றபடியே கண் மூடும். சோறு இறங்கவில்லை. யார் எது சொன்னாலும் சுள்ளென்று விழுந்தார்.

ஒன்பதாம் நாள் ஸ்பேனருக்கு லீவு.

"மாமா, பெட்டிக்கு என்ன, மூஞ்சி பார்க்கத் தெரியுமா? மூச்சுதானே வேணும்? நான் மாட்டிக்கிட்டுத் தூங்கறேன். நீங்க நிம்மதியா கீழ படுங்க."

"தப்புடா."

"நான் தூங்குனா யாருக்கு நஷ்டம்?"

மனைவி தையல் மிஷினில் இருந்து தலையைத் தூக்கி, "கண்றாவி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். ஆனால் அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் பேசவில்லை.

ஸ்பேனர் கட்டிலில் ஏறி மாஸ்க்கை மாட்டிக்கொண்டான். பழைய பாயை முன்னறையில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் விரித்து, ராக்கோழி குப்புற விழுந்தார். கட்டை போல தூங்கலாம் என்று நினைத்தார். அதுவும் நடக்கவில்லை. விலாவில் யாரோ கால் விரலால் இடிக்கிற மாதிரி இருந்தது. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை.

"உதைக்கிறியா நீ?"

"பெடல்ல இருந்து கால் வழுக்கிடுச்சு."

"வழுக்கி வழுக்கி ஒரே இடத்துலயா படும்?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. உள்ளே ஸ்பேனர் ஆறு மணி நேரம் சுகமாகத் தூங்கினான்.

பத்தாம் நாள் காலை, ஷெட்டில் இருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு. மூச்சு மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் சின்னப் பெண், கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்ததும் திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சார், முதல் எட்டு நாள் ரொம்ப மோசம். ஆனா நேத்து அருமை. ஆறு மணி நேரம், கசிவே இல்ல. மூச்சு நின்னது மணிக்கு ஒரு தடவை. என்ன செஞ்சீங்க?"

"சும்மா, படுத்தேன்."

"எப்படிப் படுத்தீங்க? அதையே தினமும் செய்யலாமே. குப்புறவா, மல்லாந்தா?"

"ஒருக்களிச்சு" என்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"எந்தப் பக்கம்?"

"இடது. இல்ல, வலது."

"குழாய் எந்தப் பக்கமா வந்துச்சு?"

ராக்கோழி தொண்டையைச் செருமினார். அவள் அறை ஓரத்தில் இருந்த கட்டிலைக் காட்டினாள். "படுத்துக் காட்டுங்க சார். அளவு எடுத்துக்கறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இடது பக்கம் திரும்பத்தான் நினைத்தார், சத்தியமாக. ஆனால் இரவெல்லாம் நின்ற உடம்பு, மெத்தை பட்டதும் அதுவே முடிவெடுத்தது. கை இரண்டும் மடங்கின, நெற்றி அதன்மேல் இறங்கியது, கட்டிலில் ஒரு பேருந்து ஓட்டுநர் குப்புறக் கிடந்தார்.

அவள் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேத்து மாட்டிக்கிட்டது யாரு சார்?"

"மச்சினன்" என்றார், மெத்தைக்குள்ளிருந்து.

"நல்லாத் தூங்குறாரு."

"அவனுக்கு என்ன கவலை."

அவர் எழுந்து உட்கார்ந்தார். மேனேஜருக்கு இப்போதே போன் போகும் என்று காத்திருந்தார். வாயைத் திறந்து ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று பார்த்தால், நாலு ரோடு சந்திப்பும் அந்தப் பதினான்கு தலைகளும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"அந்த நாளை எடுத்துடுங்கம்மா. அது நான் இல்ல. அவனா வண்டி ஓட்டப் போறான்?"

அவள் திரையில் ஏதோ தட்டினாள். "ஒன்பதாம் நாள் கணக்குல இல்ல. உங்களுக்கு இருக்கறது ரெண்டு. இன்னையச் சேர்த்து இன்னும் இருபத்தொரு நாள் பாக்கி. பத்தொன்பது நாள் வேணும். ரெண்டு நாள்தான் தவறலாம்." அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். "பட்டையை ஏன் சார் இப்படி இறுக்கியிருக்கீங்க?"

"லூசா விட்டாக் கழண்டுடாதா?"

"இறுக்குனா மடிப்பு விழுந்து அது வழியாத்தான் கசியும். உக்காந்துக்கிட்டு மாட்டாதீங்க. எப்படித் தூங்குவீங்களோ அப்படிப் படுத்து, பெட்டியை ஓடவிட்டு, அப்புறம் பட்டையை மெதுவா சரி பண்ணுங்க. ஒருக்களிச்சுப் படுங்க, முகத்தைத் தலையணை விளிம்பு வரைக்கும் கொண்டு வந்தா மாஸ்க் இடிக்காது. முதுகுக்கு ஒரு தலையணை முட்டுக் கொடுங்க, முன்னால ஒண்ணைக் கட்டிப்பிடிச்சுக்குங்க. குழாய் தலைக்கு மேலயிருந்து வரட்டும்."

"தலையணையைக் கட்டிப்பிடிக்கவா? இந்த வயசுலயா?"

"உங்க மச்சினன் எதைக் கட்டிப்பிடிச்சாருன்னு கேட்டுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து கேட்டார். ஸ்பேனர் வெட்கமே இல்லாமல் சொன்னான். அக்காவுடைய துணி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இடது பக்கமாக, மேல் காலை மடித்துப் போட்டுத் தூங்கினானாம். நடந்ததைக் கேட்டதும் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சாரி மாமா. உங்களுக்கு ஒரு நாள் போச்சு."

மனைவி எழுந்தாள். ஜன்னல் திரைக் கம்பியில் ஒரு எலாஸ்டிக் பட்டையைக் கட்டி, அதில் குழாயைத் தொங்கவிட்டாள். புரண்டால் குழாயும் கூடவே நீண்டு வரும், திரும்பினால் சுருங்கும். பாவாடைக்கு வைத்திருந்த எலாஸ்டிக். புதுத் தலையணைக்கு ஒருவழியாக வேலை வந்தது.

ஆனாலும் அன்று ஒன்றரை மணி நேரத்தில் குப்புறப் புரண்டு, மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்திருந்தார். ஒரு நாள் போச்சு. இனி ஒரே ஒரு நாள்தான் தவறலாம்.

மறுநாள் காலை ஸ்பேனர் பட்டறையில் இருந்து ஒரு சாமான் கொண்டுவந்தான். பழைய ஆட்டோவில் இருந்து கழற்றிய ரப்பர் பந்து ஹாரன். குழலை வெட்டிக் குட்டையாக்கியிருந்தான்.

"அக்கா, மாமாவோட பழைய யூனிஃபார்ம் சட்டைக்கு முன்னாடி ஒரு பெரிய பாக்கெட் தை. இதை உள்ள வெச்சுடலாம். குப்புறப் புரண்டா பாம்னு அடிக்கும். டிரைவருக்கு வேற எந்தச் சத்தத்துலயும் முழிப்பு வராது."

"வெளையாட்டுக்கு ஒரு அளவு இருக்குடா" என்றார் ராக்கோழி.

மனைவி அளவு நாடாவை எடுத்துவிட்டாள்.

முதலில் நெஞ்சுக்கு நேராகப் பாக்கெட் வைத்தாள். தலையணையைக் கட்டிப்பிடித்தாலே அடித்தது. பிரித்து வயிற்றுக்கு இறக்கித் தைத்தாள். அன்று பகல் ஏழு தடவை ஹாரன் அடித்தது. ஒவ்வொரு தடவையும் ராக்கோழி திடுக்கிட்டு, வலது காலால் பிரேக்கை மிதித்து, கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, முனகியபடி இடது பக்கம் திரும்பினார். ஆனால் பெட்டியின் திரையில் நாலு மணி பன்னிரண்டு நிமிடம். மறுநாள் நாலே கால். அதற்கு அடுத்த நாள் ஐந்து ஹாரன், நாலரை.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். "உள்ள ஆட்டோ ஏதும் வாங்கி நிறுத்தியிருக்கீங்களா?"

"டிரைவருக்கு வீட்டுலயே பயிற்சி" என்றான் ஸ்பேனர்.

பதினாலாம் நாள் தெருவுக்கே மின்சாரம் போனது. பத்தே முக்காலுக்குப் போனது இரண்டு மணிக்குத்தான் வந்தது. நின்றுபோன பெட்டியைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியது. தவறலாம் என்றிருந்த இரண்டு நாளும் தீர்ந்துவிட்டன. இதுவரை ஐந்து. இனி இருக்கிற பதினாறு நாளும் ஒன்று விடாமல் சரியாக வர வேண்டும்.

அதன்பிறகு அவருக்குத் தூக்கத்தின் மேலேயே பயம் வந்தது. படுக்கும் முன் பிளக்கை மூன்று தடவை அழுத்திப் பார்ப்பார். ஸ்பேனர் ஒரு பழைய பேட்டரியைக் கொண்டுவந்து பெட்டிக்கு இணைத்து வைத்தான். ஒருக்களித்தால் தோள் வலித்தது, கை மரத்தது. வலது பக்கம் மாறினால் குழாய் எதிர்ப்பக்கம் இழுத்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டார், வெளிச்சம் கண்ணில் அடித்தது, மறுபடி பழையபடியே போட்டார். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவனின் மைக், எதிர் வீட்டில் டிரில்லிங், கேஸ் சிலிண்டரைத் தரையில் உருட்டுகிற சத்தம். ஊர் முழுக்க விழித்திருக்கிற நேரத்தில் தூங்குவதற்குப் பரீட்சை எழுதுகிற ஒரே மாணவன் அவர்தான். தினமும் பாஸ் மார்க்குக்குப் பக்கத்திலேயே, நாலு மணி எட்டு நிமிடம், நாலு மணி மூன்று நிமிடம்.

பதினெட்டாம் நாள், ஷெட்டில் கண்டக்டர் இரண்டு டீயோடு வந்து நின்றான். ராக்கோழி குழாய்த் தண்ணீரை நிறுத்தவில்லை.

"புது டிரைவரு ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிக்கிறாரு அண்ணே. ஏறுனவங்க ஒருத்தராலயும் தூங்க முடியல."

ராக்கோழி அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

"கோவமா இருந்தா இருங்க. எனக்கு அன்னிக்கு உங்களைப் பார்த்துப் பயம் வரல அண்ணே. தோளைத் தொட்டதும் நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'இப்பதானே நிறுத்தினேன்'னீங்க. அதுலதான் பயந்துட்டேன்."

தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. அவர் சொன்னது அவருக்கே ஞாபகமில்லை. கொஞ்ச நேரம் கழித்து வால்வை மூடிவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார்.

"டீ ஆறிப்போயிருக்கும்."

"ஆறித்தான் போச்சு."

"குடு."

இருபத்துமூன்றாம் நாள்தான் கண்டம். எதிர் வீட்டு டிரில்லிங் சத்தத்தில் விழித்துப் பார்த்தால் திரையில் மூன்று மணி நாற்பது நிமிடம். மாஸ்க் முகத்தில்தான் இருந்தது, தூக்கம்தான் போய்விட்டது. இன்னும் இருபது நிமிடம் வேண்டும். மூக்குப் புண் எரிந்தது, எழுந்து வெளியே ஓட வேண்டும் போல இருந்தது. கை பட்டைக்குப் போய்விட்டது. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள்.

"கையை எடுங்க. எவ்ளோ பாக்கி?"

அவர் விரலால் இரண்டையும் பூஜ்ஜியத்தையும் காட்டினார். வாயைத் திறந்தால் காற்று போய்விடும்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் யாருடைய பேன்ட்டோ, கையில் ஊசி.

"பேச முடியாது, இல்ல? நல்லதாப் போச்சு. இத்தனை வருஷத்துல குறுக்க பேசாம நான் சொல்றதைக் கேட்கப் போறீங்க."

அவர் முறைத்தார்.

"முறைக்கிறதுக்கு அந்த மூக்கு பொருத்தமா இல்ல." நூலைப் பல்லால் அறுத்தாள். "சுவத்துல தட்டறேன் தட்டறேன்னு கத்துவீங்களே. பிசுறும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க குறட்டை கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் என் கால் பெடல்ல ஓடும். அது நின்னா என் காலும் நின்னுடும். பத்து வரைக்கும் எண்ணுவேன். இருபது ஆனா கத்தரிக்கோலை எடுத்துத் தட்டுவேன். நீங்க திட்டுவீங்க. திட்டுற சத்தம் வந்தா, சரி, மூச்சு இருக்குன்னு மறுபடி தைப்பேன்."

அவர் புரண்டு எழப் பார்த்தார். அவள் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"இடது பக்கமே படுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு எத்தனை தடவை சொன்னேன். 'நான் தூங்கும்போது உனக்கு என்ன எண்ணிக்கை'ன்னு சிரிச்சீங்க. தட்டறதுக்குக் காரணம் சொன்னா அதுவும் வேணாம்னு சொல்லிடுவீங்க. அதான் பிசுறுன்னேன்." ஊசியைப் பேன்ட்டில் குத்தி வைத்தாள். "அன்னிக்கு என் தம்பி கட்டில்ல படுத்தப்ப நீங்க என் காலடியில கிடந்தீங்க. சுவத்துக்குப் பின்னால கேட்கறது வேற, கண்ணால பார்க்கறது வேற. ஒரு தடவை நாப்பது வரைக்கும் எண்ணிட்டேன். அதான் உதைச்சேன். வழுக்கல."

பெட்டி சீராக மூச்சு விட்டது. எதிர் வீட்டில் டிரில்லிங் எப்போது நின்றதென்று இருவருக்கும் தெரியவில்லை. ராக்கோழி தலையணையைக் கட்டியிருந்த கையை எடுத்து அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"துணியை விடுங்க, ஊசி இருக்கு" என்றாள். ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை.

திரையில் நாலு மணி வந்து, அதையும் தாண்டி ஓடியது. அவர் மறுபடி தூங்கிப் போயிருந்தார்.

அதற்கப்புறம் எல்லாம் சுகமாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. இருபத்தாறாம் நாள் தும்மல், இருபத்தெட்டாம் நாள் மூக்கடைப்பு. ஒவ்வொரு பகலும் அவர் கட்டிலில் ஏறுவது, பிரேக் பிடிக்குமா என்று தெரியாத வண்டியில் ஏறுவது போலத்தான் இருந்தது. ஆனால் ஹாரன் இரண்டு தடவை, ஒரு தடவை என்று குறைந்து, கடைசி மூன்று நாள் அடிக்கவே இல்லை. ஹாரன் ரிப்பேரோ என்று ஸ்பேனர் வந்து அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, அடி வாங்கிக்கொண்டு போனான்.

முப்பதாம் நாள். கையில் இருபது. இந்த ஒரு நாள் வராவிட்டால் மற்ற இருபதும் வாஷிங் ஷெட்டுக்குத்தான்.

எட்டு மணிக்குப் படுத்தார். பெட்டியை ஓடவிட்டு, ஒருக்களித்து, படுத்த வாக்கில் பட்டையை இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு விட்டார். முதுகுக்குப் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று, மேல் கால் மடிப்பு, தலைக்கு மேல் எலாஸ்டிக்கில் ஆடுகிற குழாய். கண்ணை மூடினார். சுவருக்கு அந்தப் பக்கம் பெடல் ஓடத் தொடங்கியது. ஓடட்டும், எங்கே நிற்கிறது பார்ப்போம் என்று அதையே கேட்டுக்கொண்டு கிடந்தார். அது நிற்கவில்லை.

விழிப்பு வந்தபோது அறையில் வெளிச்சம் இடம் மாறியிருந்தது. முதலில் திரையைப் பார்க்கவில்லை, காதுதான் வேலை செய்தது. பெடல் சத்தம் இல்லை. தட்டலும் இல்லை. திடுக்கிட்டு எழுந்தார். அப்புறம்தான் திரை. ஐந்து மணி பத்து நிமிடம்.

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முன்னறைக்கு வந்தார். அவள் தையல் மிஷின் மேல் இரண்டு கைகளையும் மடித்து, நெற்றியை அதன்மேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊசிக்குக் கீழே ஒரு பள்ளிச் சட்டை பாதியில் நின்றது. இத்தனை வருடத்தில் பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

அவர் முக்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வருகிறதா என்று பார்த்தார். வந்தது. எண்ணினார். ஐந்து எண்ணுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிட்டது. இருந்தாலும் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், வெளியே ஸ்பேனரின் பைக் வந்து நின்றபோது வாசலுக்கு ஓடி, வாயில் விரல் வைத்து அவனை அப்படியே தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் விட்டுவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

கொஞ்ச நேரத்தில் அவள் அசைந்தாள். கன்னத்தில் தையல் மிஷினின் விளிம்புத் தடம்.

"எவ்ளோ வந்துச்சு?"

"அஞ்சு மணி பத்து நிமிஷம்."

"அப்போ வண்டி?"

"நாளைக்கு ராத்திரி பத்தரைக்கு எடுக்கறேன்." அவர் பழைய சீருடைச் சட்டையைக் கழற்றி அவள் மடியில் வைத்தார், வயிற்றுப் பாக்கெட்டோடு. "இப்படிக் குப்புறத் தூங்கக் கூடாதும்மா, கெட்ட பழக்கம். உள்ள போய் ஒருக்களிச்சுப் படு. நான் வெளிய இருக்கேன்."

அவள் சட்டையைத் தள்ளிவிடவில்லை. எழுந்து போகிற வழியில் அதன் வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கினாள். பாம் என்றது.